பாசிப்பாட்டம்

கோடை பிறந்து கண்மாய் நீர் வற்றத் தொடங்கியதும், "இவ்வருஷம் பாசி யார் எடுத்திருக்கிறார்?" என்று நம் அறந்தாங்கிப் பக்கத்து முதியோர் வினவுவதை அன்பர்கள் கேட்டிருப்பீர்கள். மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் விடுங்காலும் 'மீன்பாசிக் குத்தகை' என்றே கூறுவர். சின்னாட்களுக்கு முன் நம்மிளைஞர் ஒருவர், பாசியாவது வழுக்கும் அழுக்கன்றோ, நம்மவர் தொழிலை இழித்தற்குப் பிறர் இட்ட பெயரே அது, அதனை விட்டொழித்தல் வேண்டும் என்று என்னொடு வாதித்தார். அவர் சினம் நியாயமே, சொல்லாராய்ச்சிதான் பிழை.

பாசி என்பது பசுமையின் அடியாகப் பிறந்தது. பாசிப்பயறு என்பதிலும் அவ்வடியே உளது. நீரிற் பச்சையாய்ப் படர்வதற்குப் பெயராகிய அச்சொல், அந்நீரில் மீன்பிடிக்கும் உரிமைக்கும் ஆயிற்று. பாசி படர்ந்தவிடத்தே மீன் மேயும் ஆதலின் இங்ஙனம் ஆகிவந்ததென்பது என் கருத்து. கயிறெனப் பொருள்படும் 'பாசம்' என்னும் வடசொல்லை ஈண்டு இழுத்து வருதல் வேண்டா.

இச்சொல் நேற்று வந்ததன்று. பழைய தமிழ்ச் சாஸனங்களில் ஊர்களுக்குரிய வரிகளை எண்ணிச் செல்லுமிடத்துப் 'பாசிப்பாட்டம்', 'மீன்பாட்டம்' என்பன காணப்படுகின்றன. பாட்டமாவது குத்தகை, மலையாள நாட்டார் இன்றும் அப்பொருளிலேயே அதனை வழங்குகின்றனர். நாம் பாட்டத்தைக் கைவிட்டுக் குத்தகையை ஏற்றோம். பாசியை மட்டும் விட்டிலோம். அறந்தாங்கித் தொண்டைமான்கள் ஆட்சி போயிற்று. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்த இவ்வூர், 1974-ஆம் ஆண்டு அமைந்த புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. சொல் மட்டும் கண்மாய்க்கரையிலேயே நின்றுவிட்டது.

இன்னொன்றையும் அவ்விளைஞர்க்குச் சொன்னேன். குளத்து மீனால் வரும் வருவாயை அக்குளத்தையே தூரெடுக்கவும் கரை உயர்த்தவும் விட்ட செய்தி கல்வெட்டுக்களில் உண்டு. உத்தரமேரூரிற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுச் சாஸனங்கள் ஏரி வாரியம் என்றொரு தனி வாரியத்தையே கூறுகின்றன; ஏரியைக் காப்பது அத்துணைப் பெரிய காரியமாக இருந்தது. அக்காரியத்திற்கு நெல் விளைத்தவனேயன்றி வலை வீசியவனும் பொருள் கொடுத்தான். அவன் கொடுத்ததற்குப் பெயரே பாசிப்பாட்டம். இழிவென்று கருதப்பட்ட சொல், ஊர்ப் பொதுக்காரியத்தில் அவனுக்கிருந்த பங்கிற்குச் சான்றாகக் கல்லில் நிற்கின்றது. இளைஞர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அக்கல் எங்கேயுளது? பார்க்கலாமா?" என்றார்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். தத்தம் ஊர்க் கோயிற் சுவரிலோ மடைக்கல்லிலோ இச்சொல்லைக் கண்ட அன்பர்கள், சுண்ணாம்பு பூசி மறைக்குமுன் எழுத்தைப் பெயர்த்தெழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புவாராக.