நெருப்பு ஏரிக்குக் காவல் இருந்தவர்கள்



எரிமலை என்றதும் வானை முட்டும் சிகரமும் அதன் உச்சியில் எழும் புகையுமே நம் மனக்கண்முன் தோன்றும். பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவில் உள்ள கிலாவேயா எரிமலை அப்படிப்பட்டதன்று. அகன்ற தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் பரந்து கிடப்பது அது. அதன் உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். இத்தகைய மலையைக் கேடய எரிமலை என்பர். இங்கே வெளிவரும் பசால்ட் குழம்பு, வெல்லப்பாகுபோல் இளகி நெடுந்தூரம் ஓடும். அது ஓடி ஓடிப் படிந்ததால், மலை உயராமல் அகன்றே வளர்ந்தது.

இம்மலையின் உச்சியில் ஒரு பெரும் பள்ளம். அதற்குள் ஹலெமாவுமாவு என்னும் குழி. 1823 முதல் 1924 வரை, இடையிடையே வற்றினாலும், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அங்கே நெருப்பு ஏரி ஒன்று இருந்து வந்தது. காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல், குழம்பின்மேல் கரிய ஏடு படியும். பிறகு வெடித்துப் பிளந்து உள்ளே அமிழும். ஆழத்திலிருந்து புதுக்குழம்பு மேலே வருகிறது. வாயுவை வெளியேற்றிக் குளிர்ந்து கனத்த குழம்பு கீழே இறங்குகிறது. இந்தச் சுழற்சியே ஏரியை உறையவிடாமல் காத்தது.

இம்மலையை முதலில் கவனித்தவர்கள் ஹவாய் மக்களே. அக்குழியைப் பெலே என்னும் தெய்வத்தின் வீடாக அவர்கள் போற்றினர். பெலேயின் தங்கை, நெருப்பில் மாண்ட ஒருவனின் உடலைத் தேடி, பாறைகள் பறக்க மலையுச்சியைத் தோண்டினாள் என்பது அவர்களுடைய கதை. சுமார் 1500-ஆம் ஆண்டில் உச்சி இடிந்து பெரும் பள்ளமானதையே இக்கதை சொல்கிறது என அறிவியலார் கருதுகின்றனர். எழுத்து இல்லாத காலத்தில் பாட்டே பதிவேடாக இருந்தது.

ஆனால், நாளைய ஆபத்தை இன்றே சொல்லப் பாட்டு மட்டும் போதவில்லை. 1790-இல் கியோவுவா என்னும் தலைவனின் படை, பெண்கள் பிள்ளைகளோடு அம்மலையைக் கடந்து சென்றது. மலை வெடித்தது. எச்சரிக்க யாருமின்றிப் பலர் மாண்டனர்.

1902-இல், கரிபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவில் பெலே என்றே பெயர் கொண்ட வேறொரு மலை வெடித்து, ஏறத்தாழ 28,000 பேர் உயிரிழந்தனர். அந்த அழிவை நேரில் கண்ட அமெரிக்க அறிஞர் தாமஸ் ஜாகர், எரிமலை வெடித்தபின் ஓடிப்போய்ப் பார்ப்பதில் பயனில்லை, அதன் அருகிலேயே குடியிருந்து கவனிக்கவேண்டும் என்று உறுதிகொண்டார். 1912-இல் கிலாவேயாவின் விளிம்பில் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். நம் தோட்டங்களில் பெரட்டுக் களத்தில் நாள்தோறும் செக்ரோல் எழுதுவார்கள் அல்லவா? அதுபோல, ஏரியின் மட்டம், நிலத்தின் அதிர்ச்சி, தரையின் சாய்வு ஆகியவை அங்கே தவறாமல் பதிவாயின.

1924 பிப்ரவரியில் ஏரி வற்றியது. ஏப்ரலில், தொலைவில் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய கபோஹோவில் நிலம் அதிர்ந்து பிளந்தது. மே மாதத்தில் உச்சிக்குழி வெடித்துப் பாறைகளை வாரி இறைத்தது. பஹாலா கரும்புத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்த ஒருவர், அருகே சென்று பார்க்கப்போய்ப் பாறை விழுந்து உயிரிழந்தார். வெடிப்பு அடங்கியபோது குழியின் அகலம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. ஏரி வற்றினால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளன்று. குழம்பு நிலத்தடியில் வேறு வழியே புறப்பட்டுவிட்டது என்று பொருள். இந்தப் பாடம் ஏட்டில் ஏறியது.

தொண்ணூற்று நான்கு ஆண்டுகளுக்குப்பின் அந்த ஏடு பேசியது. 2008 முதல் மீண்டும் நிலைத்திருந்த ஏரி, 2018 மே மாதத் தொடக்கத்தில் விரைந்து இறங்கியது. அதற்குமுன்பே நில அதிர்ச்சிகள் கிழக்கு நோக்கி நகர்வதைக் கண்டு, ஆய்வாளர்கள் மக்களை எச்சரித்திருந்தனர். மே 3-ஆம் நாள், உச்சியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லெய்லானி குடியிருப்பில் தரை பிளந்து நெருப்பு பீறிட்டது. 1924-இல் நடந்தது மறுபடியும் நடக்கலாம் என்று உணர்ந்து, உச்சியிலிருந்த தேசியப் பூங்காவும் மூடப்பட்டது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, வாழ்நாள் உழைப்பை விட்டுவிட்டு வெளியேறினர். ஆயினும், அந்தக் குழம்பில் ஓர் உயிரும் போகவில்லை.

அந்த அதிர்ச்சிகளில் ஆய்வுக்கூடத்தின் கட்டடமே விரிசல் கண்டு, கைவிட வேண்டியதாயிற்று. காவல் பணியோ நிற்கவில்லை, வேறிடத்திலிருந்து தொடர்ந்தது. குழியின் அடியில் 2019-இல் தண்ணீர் ஊறியது. அது ஏரியாகப் பெருகியது. 2020 டிசம்பர் 20-ஆம் நாள் இரவில் வெடித்த நெருப்பு அந்த நீர் முழுவதையும் ஆவியாக்கிவிட்டு, தன் பழைய இடத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டது.

நேயர்களே, அந்த மலையை எவராலும் அடக்க முடியவில்லை. மனிதர் செய்ததெல்லாம், அலுக்காமல் பார்த்ததும், பார்த்ததை எழுதிவைத்ததுமே. 1924-இல் குழியோரத்தில் நின்று அளந்து எழுதியவர்கள், 2018-இல் பிழைத்த பிள்ளைகளைக் கண்டதில்லை. ஆனாலும், அந்தப் பிள்ளைகள் உயிர் பிழைத்ததில் அவர்கள் எழுத்துக்கும் பங்குண்டு.