தீர்ப்பு வழங்காத திருத்தந்தை

மீட்புக்கென இறைவன் நம்மை முன்குறித்துவிட்டார் எனில், நம் விருப்பத்திற்கு இடமேது? 1588-இல் லிஸ்பனில் வெளியான தம் நூலில் இயேசு சபைக் குரு லூயிஸ் தெ மொலினா, மனிதர் தாமே எவ்வாறு இசைவர் என்பதை முன்னறிந்தே இறைவன் அருள் பொழிகிறார் என்றார். அந்த இசைவையே அருள்தான் தவறாது விளைவிக்கிறது என்றார் தோமினிக் சபை அறிஞர் தொமிங்கோ பாஞ்ஞெஸ்.

உரோமையில் விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மொலினா 1600-லும் பாஞ்ஞெஸ் 1604-லும் விடை காணாமலே மறைந்தனர். 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், ஒரு சாரார் மறுசாராரைப் பழிக்கலாகாது எனப் பணித்துத் தீர்ப்பை ஒத்திவைத்தார். அத்தீர்ப்பு இன்றுவரை வரவில்லை.

அருளின்றி மீட்பில்லை, மனித மனம் கட்டுண்டதன்று என்னும் இரண்டையும் இரு சாராரும் ஏற்றனர். இவை இணையும் விதமே வழக்கு. ஆதலின், எல்லாம் தலையெழுத்து என ஓய்ந்திருக்கவும், எல்லாம் என் முயற்சியே எனச் செருக்குறவும் நமக்கு உரிமையில்லை.