நில ஏலமும் ஊரறிவிப்பும்

கடனுக்கோ வரி நிலுவைக்கோ ஈடாக நிலத்தை ஊரறிய விற்கும் வழக்கம் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. சோழ மன்னன் முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உக்கல் கல்வெட்டு, பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோருக்குரிய ஊர்களில் இரண்டு முழு ஆண்டுகள் வரி செலுத்தத் தவறியவர்களின் நிலத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை ஊராருக்கே அளித்தது. சோழர் காலப் பொது விற்பனைகளைக் கல்வெட்டுகள் ‘பெருவிலை’ என்று சுட்டுகின்றன. கோயில் நிலம், சிவன் கோயில் சொத்தின் காவலராகக் கருதப்படும் சண்டேசுவரரின் பெயரால் விற்கப்பட்டபோது அது ‘சண்டேசுவரப் பெருவிலை’ எனப்பட்டது. விலை முழுவதும் செலுத்தப்பட்டதற்குச் சான்றாகப் பொருட்செலவோலை எழுதப்பட்டது. விற்பனை ஊருக்குத் தெரிந்து நடந்தால்தான் வாங்கியவரின் உரிமையும் நிலைக்கும், நிலத்தை இழந்தவருக்கும் அநீதி நேராது என்ற எண்ணமே இம்முறைக்கு அடிப்படை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் ஏலம் வருவாய்த் துறையின் கருவியானது. வங்காளத்தில் 1793இல் நிலையான வரித்திட்டம் வந்தபின், குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் தவணையைக் கட்டாத ஜமீன்தாரின் நிலம் ஏலத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் 1802க்குப் பின் செங்கல்பட்டு, சேலம் பகுதிகள் மிட்டாக்கள் என்ற சிறு நிலத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்டன. மிட்டாதார்களில் பலர் தவணை கட்ட இயலாமல் சில ஆண்டுகளிலேயே அவற்றை இழந்தனர். பின்னர் வந்த 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் ஏலத்துக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. விற்பனை அறிவிப்பு ஒரு மாதத்துக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்திலும் தாலுகா கச்சேரியிலும் அந்த நிலத்திலும் ஒட்டப்பட வேண்டும் என்றும், ஏலம் எடுத்தவர் விலையில் 15 விழுக்காட்டை உடனே கட்டி, எஞ்சியதை 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்றும் அது விதித்தது.

தனியார் கடனுக்கான ஏலத்தை 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒழுங்குபடுத்தியது. நீதிமன்ற அமீனா தண்டோரா போட்டு ஜப்தியை, அதாவது சொத்து முடக்கத்தை, அறிவித்து, அந்தச் சொத்தின் கண்ணில் படும் இடத்தில் உத்தரவை ஒட்டினார். ஏலம் கேட்டவர் 25 விழுக்காட்டை அப்போதே கட்டி, மீதியை 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். ஏலம் முடிந்த பிறகும்கூட, குறித்த காலத்துக்குள் கடன் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு இழப்பீடாக விலையில் 5 விழுக்காட்டையும் கட்டினால், கடனாளி தம் சொத்தை மீட்கலாம் என்ற விதி இச்சட்டத்தின் கருணை மிக்க பகுதி. ஆயினும் உள்ளூர் ஏலங்களில் கேட்பவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு விலையை அமுக்குவதும், செல்வாக்குடையவருக்கு அஞ்சி மற்றவர்கள் ஒதுங்குவதும் நெடுங்காலம் நீடித்த குறைகள்.

வங்கிகள் நீதிமன்றத்தை நாடாமலே அடமானச் சொத்தை விற்க வழிசெய்த சர்ஃபாசி சட்டம் 2002இல் வந்தது. விளைநிலத்தை விலக்கி, மற்ற சொத்துகளுக்கு 60 நாள் அவகாசம் தரும் கோரிக்கை அறிவிப்புக்குப் பின் சொத்தைக் கைக்கொள்ள இது அதிகாரம் தந்தது. 2016இல் திருத்தப்பட்ட விதிகள் மின் ஏலத்தையும் பொது ஏல முறைகளில் ஒன்றாக வெளிப்படையாகச் சேர்த்தன. பொதுத்துறை வங்கிகள் 2019 டிசம்பரில் இ-பிக்ரய் தளத்தையும், 2025 ஜனவரியில் பேங்க்நெட் தளத்தையும் தொடங்கின. ஏலம் கேட்க விரும்புபவர் தம் அடையாளத்தைப் பதிவுசெய்து, வழக்கமாக ஒதுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கை முன்வைப்புத் தொகையாகச் செலுத்துகிறார். ஒதுக்கு விலை என்பது வங்கி ஏற்கும் குறைந்தபட்ச விலை. கடைசி நிமிடங்களில் எவரேனும் விலையை உயர்த்தினால் நேரம் தானாக நீள்கிறது. போட்டியாளர் யாரென்று மற்றவருக்குத் தெரியாததால் பழைய கூட்டுச் சதிக்கு இடம் குறைந்தது. மதுரையிலிருந்தபடியே சென்னை அடுக்குமாடி வீட்டைக் கேட்க முடிந்தது. எனினும் ‘எங்கே எப்படி உள்ளதோ அப்படியே’ என்ற நிபந்தனையுடன் விற்பதால், வில்லங்கத்தையும் வரிப் பாக்கியையும் குடியிருப்போரின் உரிமையையும் ஆராயும் பொறுப்பு வாங்குபவர் மீதே விழுகிறது.

இந்த வளர்ச்சியில் ஏலத்தின் எல்லை விரிந்தது. கடனாளியின் கால அவகாசமோ சுருங்கியது. விற்பனை அறிவிப்பு வெளியாகும் நாளோடு சொத்தை மீட்கும் உரிமை முடிந்துவிடும் என்பது சர்ஃபாசி சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம். 2023இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. இதனால் ஏலம் எடுத்தவரின் பாதுகாப்பு வலுப்பட்டது உண்மை. ஆனால் நீதிமன்ற ஏலம் விற்பனைக்குப் பின்னும் திறந்துவைத்த கதவு, இங்கே விற்பனைக்கு முன்பே அடைக்கப்படுகிறது. ஆகவே கோரிக்கை அறிவிப்பு கடனாளியின் கையில் உரிய காலத்தில் சேர்வதும், வட்டார மொழி நாளிதழிலும் சொத்தின் வாயிலிலும் ஏல அறிவிப்பு இடம்பெற வேண்டும் என்ற விதி வழுவாது நிறைவேறுவதும் முன்னெப்போதையும்விட இன்றியமையாதவை. விலை கேட்போர் எத்தனை தொலைவிலிருந்து வந்தாலும், நிலத்தை இழப்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்பதே பெருவிலைக் காலம் முதல் ஏலத்தை நியாயமாக்கி வந்த நெறி.