டிங்கரிங்

விபத்தில் நசுங்கிய, துருப்பிடித்த வாகன உடலைச் சீராக்கும் தொழில். சென்னைப் புதுப்பேட்டை முதல் சிற்றூர்ப் பட்டறை வரை ‘டிங்கரிங், பெயிண்டிங்’ என்று சேர்த்தே பலகை எழுதுவார்கள். பல இடங்களில் இரண்டும் தனித்தனிக் கைகள்.

தகட்டின் உட்புறம் இரும்புத் தாங்குகட்டையைப் பிடித்து, வெளியே சுத்தியலால் சிறுசிறு தட்டாகத் தட்டி நெளிவை எடுப்பதே அடிப்படை வேலை. ஓங்கி அடித்தால் தகடு நீண்டு உப்பிவிடும். பிறகு அதைச் சூடாக்கிச் சுருக்க வேண்டியிருக்கும். மேடுபள்ளத்தைக் கண்ணைவிட உள்ளங்கையே நன்றாகக் காணும். சீராக்கிய தகட்டின் மேல் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, வண்ணம் தெளிப்பார்கள். நல்ல டிங்கர் பட்டியை மெல்லியதாகவே பூசுவார். நெளிவை எடுக்காமல் தடிமனாக அப்பி மறைத்த பட்டி, நாளடைவில் வெடித்துப் பெயரும்.

பழைய அம்பாசிடர் காரின் கனத்த தகடு எத்தனை அடியையும் தாங்கியது. இன்றைய கார்களின் வெளித்தகட்டுத் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பயணியைக் காக்கும் தூண்களில் உள்ள உயர்வலிமை எஃகைச் சூடாக்கினால் அதன் வலிமையே போய்விடும். ஆகவே அவற்றை நிமிர்த்தக் கூடாது, மாற்றவே வேண்டும். இந்த அறிவு பட்டறைகளுக்கு இன்னும் சீராகப் போய்ச் சேராதது கவலைக்குரியது. சில ஐ.டி.ஐ.களில் இத்தொழிலுக்கெனத் தனிப் பயிற்சிப் பிரிவு உண்டு. ஆனாலும் பெரும்பாலோர் மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்தே கற்கிறார்கள்.

வண்ணம் தெளிப்பதில் ஆபத்தும் உண்டு. கடினமாக்கி கலந்த பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. காற்றுக்குழாய் இணைத்த முகமூடி தேவை.