பாம்பார் சோலையில் பாதரசம்

பழனிமலைத் தொடரின் மேல் கோடைக்கானல் என்று ஓர் ஊர் உண்டானதற்கே காரணம் காய்ச்சல்தான். மதுரைச் சமவெளியில் சமயப்பணி செய்ய வந்த அமெரிக்க மிஷனரிகள், வெயிலுக்கும் விஷசுரங்களுக்கும் தம்மவரைப் பறிகொடுத்து, உயிர் தரிக்க வேண்டுமானால் குளிர்ந்த இடம் ஒன்றைத் தேடியே தீரவேண்டும் என்ற நிலைக்கு வந்து, 1845-ஆம் ஆண்டில் இம்மலைமேல் பங்களாக்கள் கட்டிக் குடியேறினார்கள். 1863-இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலத் துரை ஓடைகளை மறித்து ஏரியை அமைத்தார். அன்றுமுதல் இன்றுவரை, தேக சௌக்கியத்தை நாடி மலையேறி வந்தவர்களே இவ்வூரை வளர்த்தார்கள். அத்தகைய ஊரிலே, காய்ச்சலை அளக்கும் கருவியைச் செய்த ஆலை ஒன்றே காற்றிலும் மண்ணிலும் நீரிலும் நஞ்சைக் கலந்துவிட்டுப் போயிற்று என்பதை எழுதும்போது மனம் பதைக்கிறது.

பாதரசம் இம்மலைக்குப் புதிய வஸ்து அன்று. பழனியாண்டவர் திருமேனியைப் போகர் என்னும் சித்தர், ரசமும் சேர்ந்த ஒன்பது நஞ்சுகளாகிய நவபாஷாணங்களைக் கட்டிச் சமைத்தார் என்பது நெடுநாளைய ஐதிகம். ரசத்தைக் கையாண்ட சித்த வைத்தியர்கள் அதைக் கண்டு அஞ்சியே கையாண்டார்கள். செங்கல் தூளிட்டு ஒரு ஜாமம் அரைத்து, மஞ்சள் தூளிட்டு மறுபடி அரைத்து, குப்பைமேனிச் சாறு விட்டுக் காய்ச்சிச் சுத்தி செய்த பின்னரே மருந்துக்கு எடுப்பது என்பது அவர்களுடைய முறை. அம்முறையால் நஞ்சு முற்றும் நீங்கிற்றா என்பது வேறு விசாரம். ஆனால் தாம் தொடுவது விஷம் என்ற பிரக்ஞை அவர்களுக்கு ஒரு கணமும் அகலவில்லை. பின்னர் வந்த ஆலையிலே அந்தப் பிரக்ஞை இருந்திருந்தால் இவ்வரலாறு வேறாயிருக்கும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் நகரில் நடந்துவந்த சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை, அங்கே மூடப்பெற்று, 1983-ஆம் ஆண்டில் கோடைக்கானலுக்கு இடம் பெயர்ந்தது. இயந்திரங்கள் வந்தன; பாதரசமும் கப்பலேறி வந்தது; செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் மீண்டும் மேல்நாடுகளுக்கே ஏற்றுமதியாயின. 1987-இல் தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்க, பின்னர் ஆலை ஹிந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலை சரிந்து இறங்கும் மலைவிளிம்பின்மேல், விவசாயத்துக்கு நிலமில்லாத எளிய குடும்பங்களின் இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் தந்த அந்த ஆலையை ஊரார் பாக்கியமாகவே கருதினார்கள். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆதலால் குளிருக்கு அடைத்த கூடங்களில் மூச்சோடு உள்ளே சென்றதை எவரும் கண்டாரில்லை.

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மூஞ்சிக்கல் பகுதியில், ஜனநடமாட்டத்தின் நடுவே ஒரு காயலான் கடையில், கிழிந்த சாக்குமூட்டைகளிலிருந்து உடைந்த தெர்மாமீட்டர்களின் கண்ணாடி சிதறிக் கிடந்தது. அச்சில்லுகளின் நுனியில் வெள்ளிமணிகளாகப் பாதரசம் ஒட்டிக்கொண்டிருந்தது. பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினரும், கிரீன்பீஸ் இயக்கத்தாரும், முன்னாள் தொழிலாளர்களும், ஊர்மக்களுமாக நூற்றுக்கணக்கானோர் ஆலை வாசலுக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். அம்மாதமே ஆலை நின்றது. கடையில் கிடந்தது 7.4 டன் கழிவு. ஆலையில் எஞ்சியதையும் இதையும் சேர்த்துச் சுமார் 290 டன்னை 2003-இல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். கிடைத்ததை மூட்டை கட்டி அனுப்ப முடிந்தது. ஆவியாய்ப் போனதையும் மழையோடு சரிவில் இறங்கியதையும் எவ்வாறு மூட்டை கட்டுவது?

பாம்பார் சோலையைப் பார்த்தவர்கள் இக்கேள்வியின் கனத்தை அறிவார்கள். சோலைக்காடு என்பது மலைமடிப்புகளில் மூடுபனிக்குள் ஒடுங்கி, நூற்றாண்டுகளாக மெல்ல வளரும் குட்டை மரங்களின் கூட்டம். கிளை தோறும் பாசியும் மரக்காளானும் ஆர்க்கிடும் படர்ந்து, அடியிலுள்ள இலைமக்கு மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடை வற்றாமல் கசியவிடும். காட்டுமாடும் கருமந்தியும் மலையணிலும் அதன் குடிகள். உலகில் வேறெங்கும் காண்பதற்கரிய செடிகள் சில அங்கே உண்டு. வேரின்றிக் காற்றிலிருந்தே உணவை எடுக்கும் பாசிகள், காற்றில் வந்த பாதரசத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டன. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வாளர்கள் அப்பாசிகளிலும், கோடைக்கானல் ஏரியின் நீரிலும் மீன்களிலும் பாதரசத்தைக் கண்டார்கள். வாயில்லாத மரப்பாசி சாட்சி சொன்னதை விட உறுதியான சாட்சியம் வேறென்ன வேண்டும்? ஏரியின் அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை இன்னும் கொடிய சேர்மமாக மாற்ற, அது சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், மீன் தின்னும் பறவைக்கும் மனிதனுக்கும் ஏறிச் செல்கிறது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவின் செம்படவர்கள் 1956-இல் உலகுக்குக் காட்டிய பாதரசத் துயரமும் மீனின் வழியாகத்தான் வந்தது.

இதனோடு ஒப்பிட எண்ணூரை நினைத்துப் பார்க்கிறேன். 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோது, மீனவர்களும் மாணவர்களும் வாளிகளோடு கரையில் நின்று கருஞ்சேற்றை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்களின் வெண்சிறகு கறுத்திருந்ததை நாடே பார்த்தது; வலையும் படகும் பாழாகிய குடும்பங்களின் அழுகுரலும் நாட்டின் காதில் விழுந்தது. அத்துயரத்துக்கு நிவாரணம் போதவில்லை என்பது உண்மையே. ஆயினும் அழுவதற்கு முன்னால் ஒரு காட்சி இருந்தது. கோடைக்கானலின் துயரத்துக்குக் கறுத்த சிறகு கிடையாது. கை நடுங்கியவனும், சிறுநீரகம் கெட்டவனும், கரு கலைந்தவளும் தத்தம் வீட்டுக்குள் தனித்தனியே துன்புற்றார்கள். ஆலையின் வேலைக்கும் இந்நோய்களுக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். பத்தாண்டு வழக்குக்குப் பின், 2016 மார்ச்சில், 591 பேருக்குக் கருணைத்தொகை வழங்க உடன்பாடு ஏற்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு சோஃபியா அஷ்ரஃப் என்னும் பெண் பாடிய பாட்டொன்று உலகெங்கும் பரவி, உறங்கிய வழக்கை உலுக்கியிருந்தது. எனினும் உடன்பாட்டுக்கு முன்பே மறைந்துவிட்டவர்களுக்கு அத்தொகையால் என்ன பயன்?

மண்ணின் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆலை வளாகத்து மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சியிருக்கலாம் என்று அளவு வகுத்துச் சுத்திகரிக்கும் வேலையை மேற்கொண்டார்கள். சோலையின் தலைமேல் இருக்கும் நிலத்துக்கு இது மிகத் தாராளமான அளவு என்று எதிர்த்தவர்களின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அச்சரிவில் விழும் மழைத்துளி மதில் கண்டு நிற்பதில்லை. பாம்பாற்றில் இறங்கி, விடுமுறைக் கூட்டம் குளிக்கும் கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளத்து வயல்களின் பக்கமாக வராக நதியையும் வைகையையும் சேர்ந்து, நீர் மிகுந்த ஆண்டுகளில் ராமநாதபுரத்துக் கடலோரம் வரையிலும் செல்கிறது. ஆலை வளாகத்தோடு அளவையை நிறுத்திக்கொள்ளாமல், இவ்வழி நெடுகிலும் சேற்றையும் மீனையும் ஆண்டுதோறும் எடுத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் அந்தந்த ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்கவேண்டும்; அந்நீரைக் குடிப்பவர்கள் கேட்டுப் பெறவேண்டியதாக அது இருக்கலாகாது.