மதுக்கடையில் பிறந்த மன்றம்

குடித்தவனுக்கு ஊர் என்ன செய்தது? ஏசிற்று, ஒதுக்கிற்று, நரகத்தை நினைவூட்டிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நாட்டில் மதுவிலக்குச் சங்கங்கள் மலிந்திருந்தன. ஆனால் அவற்றின் அக்கறையெல்லாம் குடியாதவர் மீதே! அவர்களைக் காத்துவிட்டால் போதும், குடியர் தாமே மாண்டொழிவர், நாடு தூய்மையடையும் என்று கணக்கிட்டனர் அச்சங்கங்களை நடத்திய பாதிரிமார் சிலர். மனிதனை மாளவிட்டு மண்ணைத் தூய்மை செய்யும் அந்தக் கணக்கிற்கு அறம் என்று பெயர்!

1840 ஏப்ரல். பால்டிமோர் நகரின் மதுக்கடை ஒன்றில் நண்பர் அறுவர் கூடினர். தையற்காரர், தச்சர், கொல்லர் இருவர், வண்டி செய்பவர், வெள்ளி வேலை செய்பவர். அறுவரும் உழைப்பாளர், அறுவரும் குடியர். அருகே நடந்த மதுவிலக்குச் சொற்பொழிவைக் கேட்டுவரச் சிலர் சென்றனர். திரும்பியதும் வாதம் மூண்டது. உபதேசிகள் அனைவரும் வேடதாரிகள் என்று சீறினாராம் கடைக்காரர். பேசியது அவரா, அவருடைய கல்லாப் பெட்டியா? முடிவில் அறுவரும் இனிக் குடிப்பதில்லை என்று ஒப்பமிட்டு, ஜார்ஜ் வாஷிங்டன் பெயரால் சங்கம் கண்டனர்.

வாரந்தோறும் கூட்டம். ஆங்கே மதவாதத்திற்கு இடமில்லை. அரசியல் வாதத்திற்கும் இடமில்லை. குடித்துக் கெட்டவன் எழுந்து தன் கதையைத் தானே சொல்வான். அடுத்த கூட்டத்திற்கு வேறொரு குடியரை அழைத்து வருவான். வந்தவனுக்கு உடையில்லையேல் உடை, வேலையில்லையேல் வேலை தேடித் தந்தனர். 1841இல் நியூயார்க்கில் பெண்களும் தனிச் சங்கம் அமைத்தனர்.

1842 பிப்ரவரி 22. ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் மாதா கோயிலில், இச்சங்கத்தார் நடத்திய விழாவில், முப்பத்து மூன்று வயது வழக்கறிஞர் ஒருவர் பேசினார். ஆபிரகாம் லிங்கன் அவர்! பழிப்பதால் எவரும் திருந்தார் என்றார். குடிக்கு அடிமையாகாதோர் தப்பியது அறிவாலோ ஒழுக்கத்தாலோ அன்று, அந்த வேட்கை இன்மையால்தான் என்றார். பக்தர்கள் முகம் சுளித்தனராம்; சுளிக்கமாட்டார்களா?

எனினும் சில ஆண்டுகளில் இயக்கம் தேய்ந்தது. குடியரை மீட்பதா, சட்டம் கொண்டு தடுப்பதா என்ற பூசல் உள்ளே நுழைந்தது; பிற சங்கங்கள் உறுப்பினரை ஈர்த்துக்கொண்டன. எளிய நெறிதான், ஆயினும் அதைக் கைவிடாது காப்பது எளிதாக இல்லை.

அந்நெறி மீண்டும் தளிர்த்தது 1935 மே திங்களில், ரப்பர் ஆலைகள் நிறைந்த ஆக்ரன் நகரில். நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர். வந்த தொழில் முயற்சி தோற்றது. விடுதிக் கூடத்தின் ஒருபுறம் மதுவருந்தும் அறை, மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். மாதா கோயில் பட்டியலைப் பார்த்துப் பாதிரிமாரை அழைத்தார். உபதேசம் கேட்கவா? இல்லை, தன்னைப் போன்ற குடியர் ஒருவர் அவ்வூரில் உண்டா என்று கேட்க! இறுதியில் அறுவை மருத்துவர் ஸ்மித் கிடைத்தார். மணிக்கணக்கில் பேசினர். ஜூனில் ஸ்மித்தும் குடியை விட்டார். 'பெயரறியாக் குடியர்' சங்கம் இவ்வாறு பிறந்தது. தொடர்பற்ற பொது விவகாரங்களில் கருத்துக் கூறுவதில்லை என்று பின்னர் அது வரம்பிட்டுக்கொண்டது.

அதன் நெறிமுறைகளில் கடவுள் இடம்பெற்றார். நம்பாத குடியர் எங்கே போவார்? இந்தக் கேள்விக்குச் சங்கத்தின் உள்ளிருந்தே விடை எழுந்தது. 1975இல் சிகாகோ நகரில் நாத்திகருக்கும் ஐயுறவாளருக்கும் தனிக் கூட்டம் தொடங்கினர் உறுப்பினர் சிலர்.