ஏலக்கூடத்து வாசலும் லிந்துலைச் சந்தியும்

லிந்துலைச் சந்தியில் நின்று, அக்கரப்பத்தனை நோக்கி ஏறும் வேன்களைச் சற்று நேரம் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பல ஜப்பானில் எவரோ பாவித்துக் கைமாற்றியவை. சிலவற்றின் கதவுகளில் ஜப்பானிய எழுத்துக்கள் இன்னும் அழியாதிருக்கும். இவ்வாகனங்கள் மலையேறி வந்த வழியில் ஓர் ஏலக்கூடம் இருந்தது என்பதையும், அதன் வாசலில் அனுமதிப்பத்திரம் கேட்கப்பட்டது என்பதையும் நம்மிற் பலர் அறியோம்.

மலையகத்தாருக்கு ஏலம் புதிதன்று. கொழும்பின் முதலாவது தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று நடைபெற்றது. 1894 இல் கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் உருவாயிற்று. 'பகிரங்க ஏலம்' என்பது பெயர். எனினும் தரகர் வழியே வரும் தேயிலைக்குப் பதிவு பெற்ற கொள்வனவாளரே விலை கூறலாம். கொழுந்து பறித்தவருக்கு அங்கு இடமில்லை. 2020 இல் ஏலம் இணையவழிக்கு மாறிய பின்னரும் இவ்வழமை தொடர்கின்றது.

ஜப்பானின் வாகன ஏலமும் இத்தகையதே. பாவித்த பொருட்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் அங்கு 1949 இல் இயற்றப்பட்டது. திருட்டுப் பொருள் சந்தைக்குள் நுழைவதைத் தடுப்பதே அதன் முதன்மை நோக்கம். பழைய கடிகாரம் விற்பவரும் பழைய கார் விற்பவரும் அதன் முன் சமமே. வணிகர் பொலிஸ் நிலையத்தினூடாக விண்ணப்பித்து, மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் அனுமதியைப் பெறல் வேண்டும். விற்பவரின் அடையாளத்தை உறுதிசெய்து, கொடுக்கல் வாங்கலைப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் பேண வேண்டும். ஏலச் சந்தையிலோ அனுமதி பெற்ற வணிகர் தமக்குள் மட்டுமே வாங்கி விற்கலாம். இதற்கு மேலாக ஏல நிறுவனங்கள் அங்கத்துவத்தையும் கோருகின்றன. மாகாணந்தோறும் தனித்தனியே பெறவேண்டியிருந்த அனுமதி, 2018 இல் நிறைவேறிய திருத்தத்தின்படி 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதற்கும் ஒன்றாயிற்று.

இலங்கையில் 1977 இன் பின்னர் இறக்குமதிக் கதவுகள் திறந்தபோது, 'ரீகண்டிஷன்' என்ற சொல் நம் பேச்சில் குடியேறியது. வீதியின் இடப்புறமாக ஓட்டும் நாட்டுக்கு, வலப்பக்கச் சுக்கான் கொண்ட ஜப்பானிய வாகனம் பொருத்தமாயிற்று. ஆயினும் கொழும்பு இறக்குமதியாளரும் அந்த ஏலத்தில் நேரே விலை கூற இயலாது. அங்கு அனுமதி பெற்ற ஒருவரே அவருக்காக வாங்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், இச்சங்கிலி மறுபடி அசையத் தொடங்கியது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி லிந்துலையில் உள்ளது. ஏலக்கூடத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் பரிசோதனைத் தாள் உண்டு. ஓடிய தூரம், கீறல், துரு யாவும் அதில் பதியப்படும். 'ஆர்' என்னும் எழுத்து, விபத்தின் பின் திருத்தப்பட்டதைக் குறிக்கும். வணிகர்களிடையே அந்தத் தாளே நம்பிக்கையின் ஆதாரம். ஆனால் அது கைமாறிக் கைமாறி வரும்போது மறைக்கப்படலாம், திருத்தி எழுதப்படலாம். சேமலாப நிதியையும் நகை அடகுப் பணத்தையும் திரட்டி வேன் வாங்கும் தோட்டத்து இளைஞன், பெரும்பாலும் அதன் அசலைக் காண்பதேயில்லை.

அனுமதிப்பத்திரம் தேவையற்றது என்பதல்ல என் வாதம். அது திருடனை வாசலிலேயே தடுக்கின்றது. வணிகருக்குள் வாக்குத் தவறாமையைக் காக்கின்றது. ஆனால் அதன் காவல் ஏலக்கூடத்துச் சுவர்களோடு முடிந்துவிடுகின்றது. தேயிலையில், உழைத்தவருக்குத் தன் பொருளின் விலை கூறும் உரிமை இல்லை. வாகனத்தில், வாங்குபவருக்குத் தன் பொருளின் வரலாறு தெரிவதில்லை. இரு ஏலங்களிலும் மலையகத்தான் நிற்பது வாசலுக்கு வெளியேதான்.

ஆகவே வேன் வாங்க எண்ணும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: பூசிய நிறத்தைப் பார்க்குமுன் அசல் ஏலத் தாளைக் கேளுங்கள், அடிச்சட்ட இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரமறுப்பவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்.